ஒற்றையடிப் பாதையில் அவசரம் எதற்கு?

பழைய ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போது மட்டும் தயவுசெய்து கைபேசியில் கிலோமீட்டர் பார்க்காதீர்கள். வழக்கமாக மணிக்கு 4, 5 கிலோமீட்டர் நடப்போம், இங்கே அதில் பாதி வந்தாலே அதிகம்.

இந்தப் பாதைகளை யாரும் அளந்து போட்டதில்லை. ஆளும் ஆடுமாடும் நடந்து நடந்து மண் இறுகி, புல் முளைக்க வழியில்லாமல் தானாக விழுந்த தடம், அதனால்தான் நேராகப் போகாமல் ஈரமான பள்ளத்தைச் சுற்றி, மேடு வந்தால் சரிவுக்குக் குறுக்கே சாய்வாக வளைந்து, மூச்சு வாங்காத வழியாகப் பார்த்துப் போகும். சில இடங்களில் பாதை இரண்டு பக்க நிலத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும். காலடி பெயர்த்த மண்ணை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன வேலை அது. காரணமே இல்லாமல் ஓரிடத்தில் வளைகிறதா? முன்பு அங்கே பெரிய மரமோ வேலியோ இருந்திருக்கலாம். மரம் போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. இதையெல்லாம் தேடுவதில்தான் எனக்குப் பாதி சந்தோஷம் (கூட வருபவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்).

அப்புறம், வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் போங்கள், மேடு பள்ளமெல்லாம் நிழலோடு தெளிவாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் வேண்டாம். சேற்றுக்குப் பயந்து எல்லோரும் ஓரமாக ஒதுங்கி நடந்தே பாதை அகலமாகிப் பாழாகிறது.