லீஸா, சொந்தமா: 401 சொன்ன கணக்கு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பஸ்ஸை நம்பிப் பிள்ளை வளர்க்கலாம். வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நாங்களும் கொஞ்சக் காலம் அப்படித்தான் இருந்தோம். கென்னடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ சென்ரர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆர்.ரி. ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டது. பிறகு அதைத் திறக்கவே இல்லை, பதிலுக்கு பஸ் விட்டார்கள். அந்த பஸ்ஸில் தள்ளுவண்டியை மடிக்கவும் இடமில்லை, விரித்து வைக்கவும் இடமில்லை. பனியில் நனைந்த சப்பாத்துகளுக்கு நடுவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் மனைவி ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்வந்தார். கார் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு அதோடு முடிந்தது. எப்படி எடுப்பது என்பதுதான் மிச்சம்.

எங்கள் சனத்திடம் இதைக் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். சித்தப்பா தொண்ணூறுகளில் வந்தவர், ஒரு காரைப் பதினைந்து வருஷம் ஓடுகிறவர். "லீஸ் எண்டால் வாடகை, தம்பி. நாலு வருஷம் காசைக் கட்டிப்போட்டுத் திறப்பைக் குடுத்திட்டு வெறுங்கையோட வரவேணும்" என்றார். மச்சான் அதற்கு நேர்மாறு. அவர் வீட்டு வாசலில் எப்போதும் புதுக் கார்தான் நிற்கும். "பழுதானால் கம்பனி பார்க்கும், நாலு வருஷத்தில மாத்தலாம், ஏன் தலையிடி?" என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வேறு தொலைபேசியில். ஊரில் லீசிங் கம்பனிக்குத் தவணை கட்டி முடித்தால் வாகனம் எங்கள் பெயருக்கு வந்துவிடும். இங்கே கட்டி முடித்த பிறகும் கார் கம்பனிக்குத்தான், வேண்டுமென்றால் மிச்சப் பெறுமதியைக் கொடுத்து வாங்கலாம் என்று நான் விளங்கப்படுத்த, "அப்ப ஏன் கட்டுறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. வரிக்கு முன் 40,000 டொலர் பெறுமதியான கார் ஒன்றை வைத்துக்கொள்வோம், வட்டி கணக்குக்குச் சுலபமாக 6 சதவீதம், முற்பணம் இல்லை. நான்கு வருஷ லீஸ் முடிவில் அந்தக் காரின் மிச்சப் பெறுமதி 22,000 என்று கம்பனி முதல் நாளே எழுதிவிடுகிறது. ஆக நாங்கள் தேய்ப்பது 18,000. அதை 48 மாதத்தால் பிரித்தால் 375. கம்பனியின் பணம் எங்கள் கையில் இருப்பதற்கான வட்டி மாதம் ஏறக்குறைய 155. கூட்டினால் 530, அதன்மேல் ஒன்ராறியோவின் 13 சதவீத எச்எஸ்ரி வரி போட்டால் 599. வரி மாதக் கட்டணத்துக்கு மட்டும்தான், முழுக் காருக்கும் இல்லை. வாங்குகிறவர் 40,000க்கும் சேர்த்து 5,200 டொலர் வரியை அன்றைக்கே கடனில் ஏற்றிக்கொள்கிறார்.

சரி, அதே காரைக் கடனில் வாங்கினால்? ஐந்து வருஷத்தில் கட்டி முடிக்க மாதம் 874 டொலர். புதிதாக வந்த குடும்பத்துக்கு, வாடகை கட்டி, பிள்ளைப் பராமரிப்புக்குக் கட்டி, இது பெரிய தொகை. ஆனபடியால் காட்சியறைக்காரர்கள் 84 மாதத்துக்கு இழுத்துக் காட்டுவார்கள், 96 மாதம்கூட உண்டு. 84 மாதம் என்றால் மாதம் 660 தான். லீஸைவிட 60 டொலர்தான் கூட, கார் எங்களுடையது, சித்தப்பாவுக்கும் சந்தோஷம் என்று தோன்றும்.

நான் மேசையில் இருந்து கடைசிவரை போட்டுப் பார்த்தது இந்தக் கணக்கைத்தான். ஏழு வருஷக் கடனில் நாலு வருஷம் முடியும்போது ஏறக்குறைய 31,700 டொலர் கட்டியிருப்போம், இன்னும் 21,700 பாக்கி நிற்கும். அந்த நாளில் காரின் விலை என்ன? லீஸ் கம்பனியின் மதிப்பு சரியாக இருந்தால் 22,000. அதாவது லீஸ்காரரைவிட 3,000 டொலர் கூடக் கட்டி, நாலாம் வருஷ முடிவில் கையில் நிற்பது வெறும் 300 டொலர். ஏழு வருஷக் கடன் என்பது சொந்தம் என்று பெயர் வைத்த லீஸ், வருஷத்துக்கு இத்தனை கிலோமீற்றர்தான் ஓடலாம் என்ற லீஸின் எல்லை ஒன்றுதான் இல்லை. சொந்தத்தின் லாபம் எல்லாம் ஐந்தாம், ஆறாம், ஏழாம் வருஷத்திலும் கடன் முடிந்து ஓடும் வருஷங்களிலும்தான் இருக்கிறது. அதுவரை அதே காரை வைத்திருக்கப் பொறுமை வேண்டும். நாலாம் வருஷத்தில் வான் வேண்டும் என்று மாற்றப் போகிறவர் லீஸ் எடுத்திருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை காட்சியறைக்குப் போனோம். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவன் எங்கள் பொடியன்தான், நல்ல மரியாதை. காரை ஓடிப் பார்த்து வந்ததும் ஒரு கடதாசியில் பெரிதாக 305 என்று எழுதி வட்டம் போட்டு எங்கள் பக்கம் திருப்பினான். "அண்ணை, இரண்டு கிழமைக்கு வெறும் 305." 305ஐ இரண்டால் பெருக்கி 610 என்று நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். மனைவி கைபேசியைத் தட்டிக்கொண்டே, "வருஷத்தில 52 கிழமை, அப்ப 26 தரம் கட்ட வேணும். மாதம் 660 எல்லோ வருது, தம்பி?" என்றார். அவன் சிரித்துவிட்டு, "ஓம் அக்கா, சம்பளமும் இரண்டு கிழமைக்கு ஒருக்காத்தானே வரும்" என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் கடதாசியில் மொத்த விலை எங்கும் இல்லை, எத்தனை மாதம் என்பது கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

அடுத்த அறையில் நிதி அலுவலர். துருப்பிடிக்காமல் பூச்சு, நீடித்த வாரன்ரி, ரயருக்கும் ரிம்முக்கும் காப்பு என்று ஒவ்வொன்றையும் "கிழமைக்கு ஒரு கோப்பிக் காசு" என்றே சொன்னார். மூன்று கோப்பியைச் சேர்த்தால் ஏழு வருஷத்தில் பல ஆயிரம். நாங்கள் ஒன்றும் கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்தோம். ஒன்ராறியோவில் இதில் அவசரப்படக் கூடாது. காட்சியறையில் கார் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வைத்தால், இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் வசதி சட்டத்தில் இல்லை. கார் வியாபாரிகளைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எங்கள் பக்கம் இருக்கும் விதி ஒன்று, விளம்பரம் செய்யும் விலையில் வரி, இலக்கத்தகடு தவிர்ந்த எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். மேசையில் இருந்த பிறகு புதிதாக ஒரு நிர்வாகக் கட்டணம் முளைத்தால் கேள்வி கேட்கலாம்.

எங்களுக்கு முடிவு சொன்னது வட்டியோ வரியோ இல்லை, 401 நெடுஞ்சாலை. என் வேலை மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில். வீட்டிலிருந்து போக 45 கிலோமீற்றர், வர 45. வருஷத்துக்கு 240 வேலை நாள் என்றாலே 21,600 கிலோமீற்றர். லீஸில் வழக்கமாகத் தருவது வருஷத்துக்கு 16,000, 20,000, 24,000 என்ற படிகள்தான். மனைவி முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறவர், பிக்கரிங், ஏஜாக்ஸ் என்று அவருக்கும் ஓட்டம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவில். மொன்றியலில் அவருடைய அக்கா வீடு, ஒரு தரம் போய்வந்தாலே ஆயிரத்துக்கு மேல். எப்படிக் குறைத்துப் போட்டாலும் வருஷத்துக்கு 28,000 வந்தது. 20,000 எல்லையில் எடுத்திருந்தால் நாலு வருஷத்தில் 32,000 கிலோமீற்றர் மேலதிகம். கிலோமீற்றருக்கு 15 சதம் என்று வைத்தால் திறப்பைக் கொடுக்கும் அன்று 4,800 டொலர், அதற்கு வரி வேறு. முன்கூட்டியே கூடுதல் கிலோமீற்றர் வாங்கினால் மலிவு, ஆனால் மாதக் கட்டணம் ஏறும். அப்புறம் லீஸ் எதற்கு? சாப்பாடு விநியோகம், ஊபர் என்று பின்னேரம் ஓட நினைக்கிறவர்கள் ஒப்பந்தத்தை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும். பல லீஸ்களில் அதற்கு இடமில்லை, காப்புறுதிக்காரருக்கும் சொல்லாமல் ஓட முடியாது.

காப்புறுதி தனிக் கதை. லீஸ் என்றால்தான் முழுக் காப்புறுதி போட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கியும் மோதல், களவு எல்லாவற்றுக்கும் காப்புறுதி கேட்கும். வித்தியாசம் கார் களவு போகும்போதுதான் தெரியும். ரொறன்ரோப் பக்கம் அது வெறும் பேச்சில்லை. ரொயோட்டா ஹைலாண்டர், ஹொண்டா சி.ஆர்-வி எல்லாம் வாசலில் நிற்கும்போதே போய்விடுகின்றன. களவு போனால் காப்புறுதி தருவது அன்றைய விலையைத்தான், பாக்கிக் கடனை இல்லை. பல லீஸ் ஒப்பந்தங்களில் அந்த இடைவெளியை நிரப்பும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கும். கடனில் புதுக் கார் எடுக்கிறவர்கள் காப்புறுதியில் 43ஆம் இலக்க இணைப்பைக் கேட்க வேண்டும், அது இருந்தால் முதல் சில வருஷங்களுக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். சி.ஆர்-வியை நாங்கள் பட்டியலிலிருந்து எடுத்ததற்கு அதன் காப்புறுதி விலையே காரணம். பட்டியலில் இருந்தவை பெயரளவில் ஒரே மாதிரிக் கார்கள், ஆனால் எங்கள் தபால் குறியீட்டைப் போட்டதும் சி.ஆர்-வியின் தொகை எங்கேயோ போய் நின்றது. காரைத் தெரிவு செய்வதற்கு முன் காப்புறுதி முகவரிடம் மூன்று நாலு மொடல்களுக்கு விலை கேளுங்கள். ஒருவரும் இதை முதலில் செய்வதில்லை.

குளிர்கால ரயர் இன்னொன்று. ஒன்ராறியோவில் அது கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு தர வேண்டும் என்று 2016இலிருந்து விதி இருக்கிறது. ரிம்மோடு நாலு ரயர் என்றால் ஆயிரத்துக்கு மேல் போகும். லீஸ் காரில் போட்டால் அடுத்த காருக்கு அளவு சரிவருமா என்று சொல்ல முடியாது, பிறகு நிலவறையில் கிடக்கும்.

மச்சானைக் குறை சொல்லவும் முடியாது. அவர் வீடு விற்பனை முகவர். சுயதொழில்காரர் என்றபடியால் தொழிலுக்கு ஓடிய பங்கு லீஸ் கட்டணத்தை வருமானத்திலிருந்து கழிக்கிறார், அதற்கு உச்சவரம்பு உண்டு என்பது வேறு கதை. ஓட்டமும் ஸ்காபரோ, மார்க்கம் அளவோடு சரி. வாடிக்கையாளரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குப் புதுக் கார் தேவையும்தான். 2021, 2022இல் பழைய கார் விலை ஏறிக் கிடந்தபோது லீஸ் முடிந்த தன் காரை முன்பு எழுதிய மிச்சப் பெறுமதிக்கே வாங்கி, கூடிய விலைக்கு விற்றவர் அவர். லீஸில் காரின் விலை விழுந்தால் நட்டம் கம்பனிக்கு, ஏறினால் லாபம் எங்களுக்கு. இந்த ஒரு விஷயத்தைச் சித்தப்பா ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

ஆனால் மச்சான் சொன்ன இன்னொன்று எனக்கு அதைவிடப் பெறுமதியாகப் பட்டது. வீடு வாங்க வங்கிக்குப் போகும்போது, லீஸோ கடனோ, மாதக் கார்க்கட்டணம் முழுவதையும் கடன் சுமையில் சேர்த்துத்தான் எவ்வளவு தரலாம் என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு சின்ன வீடு என்று நினைக்கிறவர் 660 டொலரைக் காருக்குக் கட்டிவைத்தால், வீட்டுக்கடனுக்கு மாதம் கட்டக்கூடியது அந்த அளவுக்குக் குறையும், கிடைக்கும் கடனும் குறையும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது புதுக் காரே இல்லை. மூன்று வருஷ லீஸ் முடிந்து காட்சியறைக்குத் திரும்பி வந்த ஹொண்டா சிவிக், அலிஸ்டனில் செய்தது, ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் ஊர். முதல் மூன்று வருஷத் தேய்மானத்தை வேறு யாரோ கட்டிவிட்டார். பழைய காருக்கு வட்டி கொஞ்சம் கூட, ஆனாலும் விலை குறைந்ததால் நாலு வருஷத்தில் முடியும் கடனாக எடுக்க முடிந்தது. கிரெடிட் வரலாறு நீளமில்லாததால் சித்தப்பா பிணை நின்றார். நின்றுவிட்டு, ஆயில் எப்போது மாற்றினாய் என்று கேட்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டார். 3,000 டொலருக்கு மேல் திருத்திய விபத்தையும், நாள் வாடகைக்கு ஓடிய வரலாற்றையும் ஒன்ராறியோ வியாபாரி எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடதாசியையும் காரின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்பாக்ஸ் அறிக்கையையும் பார்த்த பிறகும், வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்தோம். சில்லுக்கு மேலே உள்விளிம்பில், பனிக்கு ரோட்டில் போடும் உப்பு கொஞ்சம் கடித்திருந்தது. இப்போது ஒவ்வொரு இலையுதிர் காலமும் துருப்பிடிக்காமல் அடியில் எண்ணெய் அடிக்கிறோம். லீஸ் கார் என்றால் யார் அடிப்பார்கள்?

இனி அப்பாவும் அம்மாவும் வரப் போகிறார்கள். பின்சீற்றில் பிள்ளையின் இருக்கையைப் பூட்டினால் பக்கத்தில் இரண்டு பேர் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் இருக்கலாம், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். சியென்னா வான் ஒன்று தேவைப்படும் போலிருக்கிறது. அது மிசிசாகா போகப் போவதில்லை. கோவில், டொக்டர், பள்ளிக்கூடம், வருஷத்துக்கு 12,000 வந்தால் பெரிது. அதை லீஸில் எடுக்கலாம் என்று மனைவி சொல்கிறார், எனக்கும் கணக்கு அப்படித்தான் வருகிறது. சித்தப்பாவிடம் யார் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.