முதலாவதும் கூடவும்

வேதாகமத்துல மத்தேயு 6:33 எனக்கு சின்ன வயசுலயே மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்." எத்தனை பேருக்கு வாக்குத்தத்தமா எழுதிக் கொடுத்திருப்பேன், எத்தனை கூட்டத்துல சொல்லியிருப்பேன், கணக்கே இல்ல. ஆனா போன வாரம் அந்த வசனத்துல ஒரே ஒரு வார்த்தை என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. அதைத்தான் எழுதணும்னு உட்கார்ந்திருக்கேன்.

நடந்தது இதுதான். என்னோட ஜெப நோட்டைத் தேடி எடுத்தேன், ரொம்ப நாள் கழிச்சு. ஏழு மாசத்துக்கு முன்னாடி வேலையில எனக்கு ப்ரமோஷன் கிடைச்சுது, அதுக்காக கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஜெபிச்சிருக்கேன், உபவாசம் இருந்திருக்கேன், ராத்திரி முழங்கால்ல நின்னு அழுதிருக்கேன், அது எல்லாம் அந்த நோட்டுல தேதி போட்டு இருக்கு. பக்கம் பக்கமா புரட்டினேன். "ஆண்டவரே இந்த இன்டர்வியூவுல கூட இரும்", "ஆண்டவரே அவங்க மனசை மாத்தும்", "ஆண்டவரே இந்த மாசமாவது". கடைசியா ஒரு பக்கம், பெரிய எழுத்துல, பேனாவை அழுத்தி, "நன்றி ஆண்டவரே!!!" அப்புறம் அடுத்த பக்கம் வெள்ளை. அதுக்கடுத்த பக்கமும் வெள்ளை. நோட்டு முடியுற வரைக்கும் வெள்ளை.

அந்த முதல் வெள்ளைப் பக்கத்து மேல விரலை வச்சா, முந்தின பக்கத்துல அழுத்தி எழுதின அந்த நன்றி தடம் தடமா கையில தட்டுப்படுது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா படிக்கவே முடியுது. மை இல்லாத எழுத்து. கொஞ்ச நேரம் அதையே தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், என்னால எழுந்திரிக்க முடியல.

ஏன்னா அந்த ஏழு மாசமும் நான் ஆண்டவரை விட்டுட்டேன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆராதனைக்குப் போனேன், காணிக்கை போட்டேன், இந்த ப்ரமோஷனைப் பத்தி சபையில சாட்சி கூட சொன்னேன், எல்லாரும் ஸ்தோத்திரம்னு சொன்னாங்க. ஆனா காலையில நான் கண்ணைத் திறந்ததும் கை போறது போனுக்கு, ராத்திரி வந்த மெயில் என்ன, யாரு என்ன கேட்டிருக்காங்க, அதுக்கு என்ன பதில் போடணும், இப்படியே ஒரு மணி நேரம் ஓடிடும், அப்புறம் குளிக்கப் போகும்போது "ஆண்டவரே இன்னைக்கு நாளை ஆசீர்வதியும்"னு ஒரு வரி. அவ்ளோதான் அவருக்கு. அந்த நோட்டைக் கையில வச்சுக்கிட்டு 6:33-ஐ மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தப்போ "கூட" அப்படிங்கிற அந்தச் சின்ன வார்த்தையில வந்து நின்னுட்டேன். வேலை, சம்பளம், துணிமணி, சாப்பாடு, இதெல்லாம் கூடக் கொடுக்கப்படுறது, அதாவது மேல சேர்த்துக் கொடுக்கிறது. என் வாழ்க்கையில நான் வேலையை முதலாவதுல வச்சுட்டு தேவனை "கூட"வுல வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் நான் தேடினது அவரையே இல்ல, அவர் கையில இருந்ததை.

அதுக்கு முந்தின வசனத்தையும் பாருங்க, 32. "இவைகளையெல்லாம் அஞ்ஞானிகள் நாடித் தேடுகிறார்கள்." நம்ம தமிழ் வேதாகமம் மொழிபெயர்த்தவங்க இங்க ரொம்ப கவனமா இருந்திருக்காங்க. 33-ல வெறும் "தேடுங்கள்", 32-ல "நாடித் தேடுகிறார்கள்". கிரேக்க மூலத்துலயும் அப்படித்தான், 33-ல சாதாரணமா தேடுறதுக்குள்ள சொல், 32-ல அதே சொல்லுக்கு முன்னாடி ஒரு ஒட்டு சேர்த்து இன்னும் தீவிரமா ஆக்கின சொல். தவிச்சுப் போய்த் துரத்துற தேடல் அது. அதே வசனத்தோட மீதி, "இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்." தேவை இல்லைன்னு இயேசு சொல்லவே இல்ல, தேவை இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியும்ங்கிறார். இன்னொரு விஷயம், 33-ல உள்ள "தேடுங்கள்" கிரேக்கத்துல ஒரு தடவை செஞ்சு முடிக்கிற கட்டளை இல்ல, தேடிக்கிட்டே இருங்கன்னு அர்த்தம் வர்ற கட்டளை. ப்ரமோஷன் கிடைச்சதும் தேடலை நிறுத்தின எனக்கு இது எங்க வந்து குத்தும்னு நீங்களே புரிஞ்சுக்குவீங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஆகாய் தீர்க்கதரிசியோட புஸ்தகத்துக்குப் போகணும்னு ஒரு உந்துதல். பழைய ஏற்பாட்டோட கடைசிக்கு ரெண்டு புஸ்தகம் முன்னாடி, ரெண்டே அதிகாரம், 38 வசனம். நிறைய பேர் புரட்டும்போது தாண்டிப் போயிடுற புஸ்தகம். ஆனா இதுல தேதி எல்லாம் அவ்வளவு துல்லியமா இருக்கும். "தரியு அரசாண்ட இரண்டாம் வருஷம் ஆறாம் மாதம் முதலாந்தேதி", தரியுங்கிறது பெர்சிய ராஜா, நம்ம கணக்குல கி.மு. 520.

பின்னணி இதுதான். பாபிலோன்ல சிறையிருப்புல இருந்த யூத ஜனங்களை பெர்சிய ராஜா கோரேஸ் கி.மு. 538 வாக்குல எருசலேமுக்குப் போங்க, போய் ஆலயத்தைக் கட்டுங்கன்னு அனுப்பி வைக்கிறார். எஸ்றா 2:64 படி சபையார் மொத்தம் 42,360 பேர். வந்தாங்க, பலிபீடத்தைக் கட்டினாங்க, ஆலயத்துக்கு அஸ்திபாரமும் போட்டாங்க, அன்னைக்கு, பாபிலோன்காரங்க இடிச்சுப்போட்ட பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த பெரியவங்க சத்தம் போட்டு அழுதாங்கன்னு எஸ்றா 3-ல இருக்கு. அப்புறம் சுத்தி இருந்தவங்க எதிர்த்தாங்க, வேலை நின்னுச்சு. நின்னது நின்னதுதான், சுமார் 15, 16 வருஷம். அஸ்திபாரம் மட்டும் அப்படியே கிடக்குது. முதல்ல எதிர்ப்புனால நின்னுச்சு, அப்புறம் பழக்கமாயிடுச்சு. "கர்த்தருடைய ஆலயம் கட்டுகிறதற்கேற்ற காலம் இன்னும் வரவில்லை"ன்னாங்க. கட்ட மாட்டோம்னு ஒருத்தரும் சொல்லல பாருங்க. காலம் வரலன்னுதான் சொன்னாங்க. நானும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், இந்த ப்ராஜெக்ட் முடியட்டும், கொஞ்சம் செட்டில் ஆகட்டும், அப்புறம் பழையபடி காலையில எழுந்து ஆண்டவரோட உட்காரலாம்னு.

கர்த்தர் கேட்கிற கேள்வி, "இந்த வீடு பாழாய்க் கிடக்கும்போது, மச்சுப்பாவப்பட்ட உங்க வீடுகள்ல நீங்க குடியிருக்கிற காலம் இதுவோ" அப்படிங்கிற கேள்வி. அவங்க வீட்டுக்கு மரப்பலகை அடிச்சு அழகுபடுத்துறதுக்கு காலம் வந்திருந்துச்சு. அதுக்கு யாரும் காலம் பார்க்கல. அப்புறம்தான் அந்த வசனம், எனக்கு இதைப் படிச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்கும், "கூலியைச் சம்பாதிக்கிறவன் பொத்தலான பையிலே போடுகிறதற்காகச் சம்பாதிக்கிறான்." பையில போடுறது நிஜம், உழைப்பு நிஜம், கூலியும் நிஜம். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தா ஒண்ணும் இல்ல. ப்ரமோஷன் வந்த ரெண்டாவது மாசமே அடுத்த ப்ரமோஷன் எப்போன்னு என் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடுச்சு, அந்தப் பெரிய எழுத்து நன்றியோட சந்தோஷம் எந்த ஓட்டை வழியா போச்சுன்னே எனக்குத் தெரியல.

இங்க அந்தப் பழைய ஆலயத்தைக் கட்டின சாலொமோன் ராஜாவைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், முன்னாடி எத்தனையோ தடவை படிச்சும் நான் கவனிக்காதது. 1 இராஜாக்கள் 6-ம் அதிகாரம் கடைசி வசனத்துல ஆலயத்தைக் கட்ட 7 வருஷம்னு இருக்கு. அடுத்த வசனம், அதாவது 7-ம் அதிகாரம் முதல் வசனத்துல, தன் அரமனையைக் கட்டித்தீர்க்க 13 வருஷம். அரமனை கட்டினது பாவம்னு வேதம் அந்த இடத்துல சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, ஒரு வார்த்தையும் கூட்டாம பரிசுத்த ஆவியானவர் நகர்ந்து போயிடுறார். எல்லாத்தையும் அனுபவிச்சுப் பார்த்தவரோட வார்த்தையா பிரசங்கி 2:11-ல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும், எல்லாம் மாயையும் மனதுக்குச் சஞ்சலமுமாயிருந்தது.

அப்போ வேலையை விட்டுட்டு உட்கார்ந்து ஜெபம் மட்டும் பண்ணணுமான்னு சிலர் கேப்பீங்க. இல்ல. பவுல் கூடாரம் பண்ற தொழில் செஞ்சவர், அப்போஸ்தலர் 18:3. எனக்கு இதுல ரொம்பப் பெரிய உதாரணம் தானியேல்தான். அங்கயும் ராஜா பேரு தரியுதான், ஆனா ஆகாய்ல வர்ற தரியு வேற, இது மேதியனாகிய தரியு. ராஜ்யம் முழுக்க 120 தேசாதிபதிகள், அவங்க மேல 3 பிரதானிகள், அந்த மூணு பேர்ல ஒருத்தர் தானியேல். ராஜ்யம் முழுசுக்கும் அவரை அதிகாரியா போடலாம்னு ராஜாவே நினைக்கிறார். யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு கணக்கு வழக்கு, எவ்வளவு பேர் வந்து நிப்பாங்க, எவ்வளவு பொறாமை. அப்பவும் தினம் மூணு வேளை, எருசலேமுக்கு நேரா ஜன்னலைத் திறந்து வச்சு முழங்கால் போடுறார். 6:10-ல எனக்குப் பிடிச்ச வார்த்தை, "தான் முன் செய்துவந்தபடியே". ஜெபம் பண்ணினா சிங்கக் கெபியில, அதாவது சிங்கக் குகையில போட்டுடுவாங்கன்னு தெரிஞ்சதும் பயத்துல ஆரம்பிச்ச ஜெபம் இல்ல அது, பதவி வந்ததும் நின்னு போன ஜெபமும் இல்ல. பதவிக்கு முன்னாடி எப்படியோ அப்படியே. எனக்கு வந்த சின்னப் பொறுப்புக்கே என் நோட்டு வெள்ளையாயிடுச்சு.

மறுபடி ஆகாய்க்கு வர்றேன், ஏன்னா என்னைத் தூக்கி நிறுத்தினது கடிந்துகொண்ட பகுதி இல்ல, அதுக்கு அப்புறம் வர்றதுதான். ஜனங்க கேட்டாங்க, பயந்தாங்க. யூதாவோட தலைவன் செருபாபேலும், பிரதான ஆசாரியன் யோசுவாவும், மீதியான ஜனங்க எல்லாரும் ஒண்ணா எழும்பி அதே ஆறாம் மாசம் 24-ம் தேதி வேலையை ஆரம்பிச்சாங்க, அதாவது வார்த்தை வந்து 23 நாள்ல. பதினஞ்சு வருஷத்துக்கு மேல நின்னு கிடந்தது 23 நாள்ல திரும்ப ஆரம்பமாகுது. அவங்க கீழ்ப்படியுறோம்னு முடிவெடுத்ததும், இன்னும் ஒரு கல் கூட வைக்கல, அதுக்குள்ள கர்த்தர் சொல்ற வார்த்தை என்ன தெரியுமா? மழை தர்றேன்னு சொல்லல. விளைச்சல் தர்றேன்னு சொல்லல. "நான் உங்களோடே இருக்கிறேன்." அவ்ளோதான். "இன்றுமுதல் உங்களை ஆசீர்வதிப்பேன்"ங்கிறது 2:19-ல, ஒன்பதாம் மாசம் 24-ம் தேதி சொன்னது. நடுவுல மூணு மாசம். அந்த மூணு மாசமும் வறட்சி கண்ட தேசத்துல, கையில பெருசா ஒண்ணும் இல்லாம, "நான் உங்களோடே இருக்கிறேன்"ங்கிற ஒரே வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு அவங்க கல்லு சுமந்திருக்காங்க. தரியுவோட 6-ம் வருஷம், யூதர் கணக்குல ஆதார்ங்கிற மாசம் 3-ம் தேதி ஆலயம் முடிஞ்சுது, எஸ்றா 6:15.

நம்ம பேச்சுல "உன் கூட இருக்கேன்"னு சொல்லுவோம்ல. அதுவும் "கூட"தான். ஆகாய் 1:13-ஐப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் காதுல கேட்டுச்சு, நான் உன் கூட இருக்கேன். இந்தக் "கூட" முதல்ல, அந்தக் "கூடக் கொடுக்கப்படும்" அப்புறம். ரெண்டு வருஷமா நான் "இந்த இன்டர்வியூவுல கூட இரும்"னு கேட்டதெல்லாம் வேலைக்காக அவர் கூட வரணும்னு கேட்டது. அவர் வந்தார், உண்மையா வந்தார், அவர் இரக்கம் அப்படி. ஆனா வேலை கிடைச்சதும் நான் அவரை வாசல்லயே விட்டுட்டு உள்ள போயிட்டேன். இதை எழுதும்போது கண்ணு கலங்குது. ஏழு மாசமா அவர் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்திருக்கார்.

இதை எல்லாம் படிச்சுட்டு என் வாழ்க்கை தலைகீழா மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், அஞ்சாறு நாள்தான் ஆகுது. போனை ராத்திரி அடுத்த ரூம்ல வைக்கிறேன். முதல் நாள் காலையில எழுந்து ஜெபிக்க உட்கார்ந்தா என்ன ஜெபிக்கிறதுன்னே தெரியல, ஏன்னா எனக்குக் கேட்கத்தான் தெரியும், கேட்க வேண்டாம்னு உட்கார்ந்தா வாய் அடைச்சிடுச்சு. பத்து நிமிஷம் சும்மா இருந்தேன். மனசு ஆபீஸுக்கு ஓடுச்சு, இழுத்துட்டு வந்தேன், திரும்ப ஓடுச்சு. ரெண்டாவது நாளும் அப்படித்தான். மூணாவது நாள் சங்கீதம் 27 எடுத்தேன், எட்டாவது வசனத்துல தாவீது சொல்றார், "என் முகத்தைத் தேடுங்கள் என்று சொன்னீரே, உம்முடைய முகத்தையே தேடுவேன் கர்த்தாவே, என்று என் இருதயம் உம்மிடத்தில் சொல்லிற்று." உம்முடைய கையை இல்ல, முகத்தை. அதுவும் அவர் முதல்ல கூப்பிட்டதுக்கு அப்புறம்தான் தாவீதோட இருதயம் பதில் சொல்லுது. நான் தேடப் போறேன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்தேன், அவர் அதுக்கு முன்னாடியே என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

இன்னைக்குக் காலையில அந்த நோட்டைத் திறந்தேன். புது நோட்டு வாங்கலாமான்னு யோசிச்சேன், வேண்டாம்னு தோணுச்சு. அந்த முதல் வெள்ளைப் பக்கத்துலயே, பழைய நன்றியோட தடம் இருக்கிற அதே இடத்து மேல, தேதி போட்டு, "உம்முடைய முகத்தையே தேடுவேன் கர்த்தாவே"ன்னு எழுதினேன். அதுக்குக் கீழ கேட்குறதுக்கு நிறைய இருந்துச்சு, உடம்பு சரியில்லாத ஒருத்தருக்காக, வீட்டுல ஒரு காரியத்துக்காக. அதெல்லாம் நாளைக்கு எழுதிக்கலாம்னு பேனாவை மூடி வச்சுட்டு, அப்படியே அவர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன்.