பங்குனி உத்திரமும் சாஸ்தா கோயிலும்: சொக்காரரைத் தேடிப் போகிறவர்களுக்கு

தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் வராதவர்கள்கூடப் பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுவார்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் வேர் உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்குக் குலதெய்வமாக ஒரு சாஸ்தா, அதாவது அய்யனார், உண்டு. குளக்கரையிலோ, செம்மணல் தேரிக்காட்டிலோ, மலையடிவாரத்திலோ தேவியர் பூரணை, புஷ்கலையோடு உட்கார்ந்திருப்பார். சென்னை, மும்பை, வளைகுடா என்று சிதறிப்போன சொக்காரர்கள், அதாவது பங்காளிகள், அத்தனை பேரும் அன்று ஒருநாள் அவர் முன்னால் நிற்பார்கள். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக்காரர்களும் பாத்தியப்பட்டிருப்பதால், ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய கூட்டாளியையும் அதே ஆலமரத்தடியில் பார்க்கலாம். விட்டுப்போன உறவைப் பிடிக்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

ஆனால் விடிகாலை ரயிலில் இறங்கி, வேனில் போய், பொங்கலிட்டு, அன்று இரவே ரயில் ஏறுகிறவர்களுக்கு உறவு கிடைப்பதில்லை. உத்திரத்தன்று எல்லோருக்கும் வேலை இருக்கும். அடுப்பும் அபிஷேகமும் பிள்ளைகளின் மொட்டையும் போக, ஒருவரோடு நின்று பேச ஐந்து நிமிடம் கிடைப்பதே அரிது. முந்தைய நாள் மாலையும் மறுநாள் காலையும் ஊரில் இருக்க வேண்டும். அந்த இரண்டு வேளையும்தான் பயணத்தின் பாதி.

சாஸ்தா எது என்றே தெரியாமல் போன குடும்பங்கள் நிறைய. முதலில் பெயர்களைப் பாருங்கள். தாத்தா, பூட்டன் வரிசையில் கற்குவேல் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாரையும், அருஞ்சுனை என்று வந்தால் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனாரையும், சொரிமுத்து என்று வந்தால் காரையாறு சொரிமுத்து அய்யனாரையும் விசாரிக்கலாம். பூதத்தான், தளவாய், பட்டவராயன், பேச்சி போன்ற பெயர்கள் கோயிலில் உள்ள பரிவார தெய்வத்தைக் காட்டும். அடுத்து பழைய கல்யாணப் பத்திரிகை. உச்சியில் இன்ன சாஸ்தா துணை என்று அச்சிட்டிருப்பார்கள். பெரிய பெட்டியின் அடியில் ஒன்றாவது கிடக்கும். கிரயப் பத்திரங்களில் பூட்டன் பெயரும் பூர்வீக ஊரும் இருக்கும். அந்த ஊருக்கு ஒரு நடை போனால் மீதியை ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால், சாஸ்தாக்களுக்கெல்லாம் ஆதி என்று மக்கள் நம்பும் சொரிமுத்து அய்யனாரையே கும்பிட்டு வருவது வழக்கம்.

வீட்டிலிருக்கும் பெரிய ஆச்சியிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வருடம் கேட்டால் பதில் வராது. ‘தனுஷ்கோடி அழிஞ்ச புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?’ என்று கேட்டால் 1964-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். தாமிரபரணியில் 1992-இல் வந்த பெருவெள்ளம் இன்னொரு நல்ல அடையாளம். பெண்மக்களைக் கட்டிக்கொடுத்த ஊர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்வழியை மட்டும் எழுதும் பட்டியல் மூன்றாவது தலைமுறையில் முட்டி நின்றுவிடும். அத்தை வீட்டுக்காரர்களுக்குத்தான் விட்டுப்போன சொக்காரனின் விலாசம் தெரிந்திருக்கும்.

நாள் விஷயத்தில் கவனம் வேண்டும். உத்திரம் ஆங்கிலத் தேதிக்கு நிற்காது. 2024-இல் மார்ச் 25, 2025-இல் ஏப்ரல் 11. நட்சத்திரம் இரண்டு நாளில் பரவியிருந்தால் எந்த நாள் என்பதைக் கோயிலில் கேட்டு உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள்). காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்ததும், சென்னையிலிருந்து வரும் நெல்லை, பொதிகை, முத்துநகர், செந்தூர் ரயில்களில் உத்திரத்தை ஒட்டிய நாட்கள் சீக்கிரம் நிரம்பும். உத்திரத்துக்கு இரண்டு நாள் முந்திய இரவு ஏறினால் முந்தைய நாள் காலையில் ஊரில் இருக்கலாம்; அந்த நாளுக்கு இடம் கிடைப்பதும் எளிது.

கிளம்புவதற்கு முதல் நாள் பெரியவர் ஒருவருக்குப் போன் செய்து, சொக்காரர் வகையில் பிறப்பு, இறப்புத் தீட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதினாறு நாள் கணக்கு பல வீடுகளில் உண்டு; நெருங்கிய சாவு என்றால் ஒரு வருடம் கோயில் படி ஏறாத குடும்பங்களும் உண்டு. இதை விசாரிக்காமல் முப்பது பேர் வேன் பிடித்து வந்து, கோயில் வாசலில் விஷயம் தெரிந்து, பொங்கலிடலாமா கூடாதா என்று வெயிலில் நின்று வாக்குவாதம் செய்வது வருடாவருடம் எங்காவது நடக்கிறது. நமக்குச் சொல்லாமல் விட்ட சாவு என்று தெரிந்தால் துக்கம் கேட்கப் போக வேண்டும். அதைக் கோயிலுக்கு முன் வைத்துக்கொள்ளாமல் மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள்.

முந்தைய நாள் மாலை கூட்டாளிகளுக்கு உரியது. அவரவர் சாஸ்தாவுக்கு மறுநாள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள் என்பதால் அன்று ஆறு மணிக்கு மேல் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். தெருவில் விசாரிக்கும்போது நம் பெயரைவிட வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். கிணத்தடி வீடு, மச்சு வீடு என்று சொன்னால்தான் எதிரே நிற்கும் பெரியவருக்குக் கண் விரியும். ‘யாரு மவன்டே நீ?’ என்ற கேள்விக்கு அப்பா பெயரோடு தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அப்பாவைத் தெரியாது. அவர் சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போயிருப்பார். முறை தெரியாத பெண்களை மதினி, அத்தை என்று நாமாகக் கூப்பிட்டு வம்பில் மாட்ட வேண்டாம். கூட வருகிறவரிடம் முறை கேட்டுக்கொண்டு வாய் திறப்பது நல்லது.

இனிக் கோயில். சாமான் கணக்கில் தவறு வருவது பெரும்பாலும் இலையில்தான். சாஸ்தா, பேச்சியம்மன், சுடலைமாடன் என்று பெரிய சந்நிதிகளை மட்டும் எண்ணிப் போவார்கள். சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், கருப்பசாமி, இசக்கி, எல்லைக்கு வெளியே ஒற்றைப் பீடமாக நிற்கும் காவல் தெய்வம் என்று சேர்த்தால் பல கோயில்களில் இருபத்தியொன்று வரும். பூசாரியிடம் முன்பே பீடக் கணக்குக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நுனி இலை, இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, இரண்டு பழம், ஒரு தேங்காய், சூடம். தேங்காய் உடைக்கும்போது ஒன்றிரண்டு அழுகல் வரும். ஐந்து தேங்காய் கூடுதலாக இருக்கட்டும். பிள்ளையாரில் தொடங்கி, சாஸ்தாவுக்குப் படைத்து, பிறகு பரிவாரம், கடைசியில் எல்லைக் காவல். சிறியவர்கள் கையில் தட்டைக் கொடுத்து இந்த வரிசையில் அழைத்துப் போனால் அடுத்த தலைமுறைக்குப் பெயர்கள் தானாக மனதில் பதியும்.

அபிஷேகத்துக்கு நல்லெண்ணெய், மாப்பொடி, மஞ்சள்பொடி, பால், தயிர், தேன், இளநீர், பன்னீர், விபூதி, சந்தனம் கொண்டுபோகிறோம். கல் திருமேனிக்குத்தான் இவை. மாடன், பேச்சி போன்றவர்கள் மண் பீடமாக இருந்தால் குடம் குடமாக ஊற்றக் கூடாது. பீடம் கரைந்து வெடிப்பு விடும். அங்கே மஞ்சணை பூசி, பிச்சிப்பூ மாலையும் கமுகம்பூவும் சாத்துவதே முறை. சாஸ்தாவுக்கு வேட்டி, துண்டு. பூரணைக்கும் புஷ்கலைக்கும் தனித்தனிச் சேலை. ஒரே சேலையை இருவருக்கும் கிழித்துச் சாத்தும் சிக்கனம் வேண்டாமே.

பொங்கல்தான் அன்றைய மையம். ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வெல்லம், அரை லிட்டர் பால், கால் கிலோ நெய், நூறு கிராம் முந்திரி, பத்து ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. பத்து லிட்டர் பிடிக்கும் வெண்கலப் பானை வேண்டும். தொன்னையில் கொடுத்தால் முப்பது பேருக்குத் தாராளமாகக் காணும். அரிசிக்கு அளந்த தண்ணீரை மட்டும் ஊற்றினால் பானை பொங்கவே பொங்காது. பாதிப் பானையில் கொதித்து அடங்கிவிடும். கழுத்து வரை தண்ணீரும் பாலும் ஊற்றிக் காயவிடுங்கள். நுரை கட்டி விளிம்பைத் தாண்டி வழியும்போது குலவையிட்டு, மூன்று கை அரிசியைச் சாமி பெயர் சொல்லிப் போட்ட பிறகு, மூன்று லிட்டர் அளவுக்கு வெந்நீரை மொண்டு தனியே வைத்துவிட்டு மீதி அரிசியையும் பருப்பையும் போட வேண்டும். குழையக் குழைய அந்த வெந்நீரையே திரும்ப விட்டுக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி அரிசி விறைக்கும். வெல்லத்தை முன்கூட்டியே போட்டாலும் அரிசி அதற்கு மேல் வேகாது. விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்ததும், தனியாகக் காய்ச்சி வடிகட்டிய பாகை ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் மண் நறநறக்கும்.

மண்பானை வைக்கிறவர்கள் முதல்நாள் இரவே அதைத் தண்ணீரில் முக்கி வைத்து, காலையில் சிறு தீயில் அரிசி கழுவிய தண்ணீரைக் காய்ச்சிப் பழக்கிய பிறகே கொண்டுபோக வேண்டும். புதுப் பானையை நேரே பெருந்தீயில் வைத்தால் விரிசல் விடும். அடுப்புக்கு மூன்று செங்கல் போக, காற்றுத் தடுக்க ஒரு தகரமும் எடுத்துக்கொள்ளுங்கள். குளக்கரையில் தீ பானைக்கு அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகவே ஓடும். பனை ஓலை சட்டென்று பிடிக்கும், சட்டென்று அணையும். அது பொங்கி வழிவதற்கு. அரிசி வேக விறகு வேண்டும். அடுப்பை ஏழு மணிக்குள் மூட்டிவிட்டால் ஒன்பதரைக்குப் படையல் போடலாம். பதினொரு மணிக்கு மேல் தேரி மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பெரியவர்களுக்காக ஈரச் சாக்கு விரித்து வையுங்கள்.

கிடா வெட்டு உள்ள குடும்பங்கள் சாஸ்தாவின் சைவப் படையல் முடிந்து, அவர் முன் திரை போட்ட பிறகே மாடன் பக்கம் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் சொக்காரர்களுக்குள் சண்டை நிச்சயம். அருள் வந்து ஆடுகிறவரை யாரும் செல்போனில் படம் எடுக்காமல் இருந்தால் நல்லது. விபூதி வாங்கக் கை நீட்டி நின்றாலே போதும். அந்த நேரத்தில் வருடக்கணக்காகப் பேசாத அண்ணனையும் தம்பியையும் பெயர் சொல்லி அழைத்து ஒரே கையால் விபூதி பூசிவிடும் சாமியாடிகள் உண்டு. கோர்ட்டில் தீராதது அங்கே தீரும்.

சொரிமுத்து அய்யனாருக்குப் போகிறவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பாபநாசம் வனச்சோதனைச் சாவடியைத் தாண்டியே போக முடியும். பிளாஸ்டிக் பையையும் மதுவையும் உள்ளே விடமாட்டார்கள். சாமான்களைத் துணிப்பையிலும் பனை ஓலைப் பெட்டியிலும் கட்டுங்கள். ஆடி அமாவாசைத் திருவிழாவில் கூட்டம் பல மடங்கு. உறவினரோடு நிதானமாகப் பேச அந்த நாள் தோதுப்படாது. பட்டவராயனுக்குத் தோல் செருப்பு நேர்ந்தவர்கள் அதைப் புதிதாகச் செய்வித்தே கொண்டுவருவார்கள். சுற்றிலும் காடு என்பதால் செல்போனை நம்ப முடியாது. எந்த மரத்தடியில், எத்தனை மணிக்கு என்று முதல்நாளே பேசிக்கொள்ளாவிட்டால் ஒரு வேன்காரர்களை இன்னொரு வேன்காரர்கள் பார்க்காமலே திரும்புவார்கள்.

மறுநாள் காலைதான் பெயர்களை எழுதும் நேரம். ஒரு பெரிய சார்ட் பேப்பரைத் திண்ணையில் விரித்து, நான்கு தலைமுறைக்கு எழுதுங்கள். பெயர், ஊர், கட்டிக்கொடுத்த இடம், போன் எண். பென்சிலில் எழுதுவது நல்லது. ஒரே பெயரில் இரண்டு சுடலைமுத்து, மூன்று பேச்சியம்மாள் வருவார்கள், அழித்து எழுத வேண்டியிருக்கும். இறந்தவர்களுக்கு எந்த மாதம், எந்தத் திதி என்றும் குறித்தால் திவசத்துக்கு உதவும். பிறகு அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பலாம்.

அதே திண்ணையில் கோயில் வரிக் கணக்கையும் முடித்துவிட வேண்டும். தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வசூலித்தது, பூசாரிக்கும் பூக்காரருக்கும் மேளத்துக்கும் கொடுத்தது, கையிருப்பு எல்லாம் சத்தமாக வாசித்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, நோட்டை ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். வெளியூர்க்காரர் கையில் நோட்டுப் போனால் அடுத்த வருடம் அது வராது. புருஷன் இல்லாத வீட்டுக்கும் வேலை இல்லாதவருக்கும் வரியைக் குறைக்கும் பேச்சை அவர்கள் இல்லாத நேரத்தில் பேசி முடியுங்கள். வரி கட்ட முடியாத கூச்சத்தில் விலகிப்போன குடும்பங்கள் எல்லாக் கொடிவழியிலும் இருக்கின்றன. அவர்களுக்குப் பொங்கலும் விபூதியும் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், அடுத்த உத்திரத்துக்கு அவர்களையும் கூட்டி வரலாம்.