டிசி வாங்கப் போகிறேன்

காலை ஆறே முக்காலுக்குத் திருமங்கலத்தில் கல்லூரி பஸ். ஏறும்போதே எப்போது திரும்புவோம் என்றிருக்கும். மெக்கானிக்கல் நான் ஆசைப்பட்டதில்லை, கட்-ஆஃபுக்குக் கிடைத்தது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். அதுகூடப் பரவாயில்லை, லேப்பில் வேறு யாருடைய இடத்திலோ நிற்பதுபோலவே இருந்தது.

பொங்கல் லீவில் கீழடி அருங்காட்சியகம் போனேன். தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகளை விட்டு நகரவே மனசில்லை. (கூட வந்தவன் வெளியே டீயே குடித்து முடித்துவிட்டான்.)

அன்று இரவே சொன்னேன், "பி.ஏ. வரலாறு படிக்கிறேன்ப்பா."

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "கட்டின ஃபீஸ்?" என்றார்.

வராது. வருடமும் ஒன்று போகும், மறுபடி முதலாமாண்டிலிருந்துதான். ஜூனில் மதுரை கோரிப்பாளையம் அமெரிக்கன் கல்லூரியில் விண்ணப்பிக்கப் போகிறேன். 1881-இல் தொடங்கியது, சிவப்புக் கட்டடங்கள்.

அம்மா மட்டும், "மார்க் ஷீட் ஒரிஜினலெல்லாம் அங்கதான இருக்கு? மொதல்ல அதை வாங்கு" என்றாள்.