நூறு பில்லியன் டாலர் பிக்காச்சு

உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த கற்பனை உலகம் எது என்று ஒரு பட்டியல் அடிக்கடி கண்ணில் படும். முதலிடம் போக்கிமானுக்கு, பிக்காச்சு என்ற மஞ்சள் உயிரினம் வரும் ஜப்பானிய வீடியோ கேம், கார்ட்டூன் உலகம் அது. அதன் பின்னால் ஹலோ கிட்டி, மிக்கி மவுஸ், ஸ்டார் வார்ஸ் என்று கொஞ்சம் முன்னே பின்னே வரும். போக்கிமானுக்கு நேரே நூறு பில்லியன் டாலருக்கும் மேல் ஒரு தொகை போட்டிருப்பார்கள். பேசாமல் நாமும் கதை எழுதப் போயிருக்கலாமோ என்று பார்த்தவுடன் எனக்கும் தோன்றியது. அப்புறம் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்ததும் ஆசை பாதி அடங்கிவிட்டது.

அந்தத் தொகையில் பெரும்பங்கு பொம்மை, சட்டை, அட்டை, பென்சில் பெட்டி எல்லாம் கடையில் விற்ற விலை. கதாபாத்திரத்துக்குச் சொந்தக்காரர் கைக்கு வருவது ராயல்டி என்ற உரிமைத்தொகை மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் கடைக்காரருக்குக் கொடுக்கும் மொத்த வியாபார விலையில் கணக்கிடுவார்கள். கடையில் 20 டாலருக்குப் போகும் சட்டையைத் தயாரிப்பாளர் கடைக்காரருக்கு 10 டாலருக்குக் கொடுத்தார், ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உரிமையாளருக்கு 1 டாலர். பட்டியலில் ஏறுவது 20. திரைப்பட வசூலும் இதே கதைதான், டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டரோடு நின்றுவிடும். இந்த இரண்டையும் வீடியோ கேம் விற்பனையோடு சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாக எழுதி, அதை 'சம்பாத்தியம்' என்று வேறு சொல்கிறார்கள்.

அதற்காக இது சின்னத் தொழில் என்று சொல்ல வரவில்லை. பணம் வருகிற வழி நாம் நினைக்கிற வழி இல்லை, அவ்வளவுதான். ஹலோ கிட்டி என்ற பூனை உருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் சான்ரியோ என்ற ஜப்பானிய நிறுவனத்துக்காக யூக்கோ ஷிமிசு வரைந்தபோது அதற்குக் கதையே கிடையாது. முதலில் அது வந்தது ஒரு சின்ன வினைல் சில்லறைப் பர்ஸின் மேல். ஒரு பக்கம் பால் பாட்டில், மறுபக்கம் தங்கமீன் தொட்டி, நடுவில் தலையில் சிவப்பு ரிப்பனோடு அது உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வாய்கூட வரையவில்லை. கார்ட்டூனெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. (2014-இல் வேறு, அது பூனையே இல்லை, ஒரு சிறுமி என்று சொல்லிப் பலரைத் திகைக்க வைத்தார்கள்.)

இதை முதலிலேயே புரிந்துகொண்டவர்களில் ஸ்டார் வார்ஸை இயக்கிய ஜார்ஜ் லூகாஸ் முக்கியமானவர். அந்தப் படத்துக்குத் தன் சம்பளத்தை ஏற்றிக் கேட்காமல், பொம்மை முதலான பொருள்களின் உரிமையையும் அடுத்த பாகங்களின் உரிமையையும் கேட்டார். படத்துக்குப் பணம் போட்ட ஃபாக்ஸ் நிறுவனம் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் கொடுத்துவிட்டது. பத்து வருஷம் முன்னால் டாக்டர் டூலிட்டில் படத்துக்காகச் செய்து குவித்த சாமான்கள் விற்காமல் கிடந்ததைப் பார்த்தவர்கள்தானே அவர்கள். 1977-இல் படம் வெளியாகிப் பிய்த்துக்கொண்டு ஓடியபோது பொம்மை செய்யும் கென்னர் நிறுவனமே தயாராக இல்லை. கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, கையில் சரக்கு இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை விற்றார்கள். உள்ளே நிறுத்தி வைக்க ஓர் அட்டைப் பின்னணி, சில ஸ்டிக்கர், ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருஷம் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நான்கும் வீட்டுக்கு வரும். குழந்தைகள் வெறும் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2012-இல் டிஸ்னி லூகாஸின் லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தை ஏறக்குறைய 4 பில்லியன் டாலருக்கு வாங்கியபோது, அந்த அட்டை உறைக்கும் அந்த விலையில் ஒரு பங்கு இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உரிமையைத் துண்டு போட்டு விற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பைடர்மேன். ஸ்பைடர்மேனுக்குச் சொந்தக்காரரான காமிக்ஸ் நிறுவனம் மார்வெல். 1996-இல் திவாலான அது, அதன் பிறகு திரைப்பட உரிமையை சோனிக்குக் கொடுத்தது. மார்வெலை 2009-இல் டிஸ்னி வாங்கியது, 2011-இல் ஸ்பைடர்மேன் பொருள்களில் சோனிக்கு இருந்த பங்கையும் வாங்கிக்கொண்டது. ஆக, சோனி படம் எடுக்கிறது, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பையன் அழுது வாங்கும் பொம்மையின் ராயல்டி டிஸ்னிக்குப் போகிறது. பட்டியலில் எல்லாம் ஒரே வரியில் 'ஸ்பைடர்மேன்'.

பிக்சாரின் கார்ஸ் படத்திலும் பெரிய விற்பனை பொம்மையில்தான். அந்த நிறுவனத்தின் மற்ற படங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் விமர்சகர்களிடம் சுமாரான பெயர்தான். ஆனால் முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் அதன் பொம்மைகளும் மற்ற சாமான்களும் கடைகளில் 10 பில்லியன் டாலரை நெருங்கி விற்றன. இரண்டாம் பாகம் ஏன் வந்தது என்று யாராவது கேட்டால் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

என் சாவிக்கொத்தில் ஒரு பிக்காச்சு தொங்குகிறது, காதில் கறுப்புப் பூச்சு தேய்ந்து மஞ்சளாகிவிட்டது. 1996-இல் வந்த முதல் போக்கிமான் கேமில் அது நூற்றைம்பது சொச்சம் உயிரினங்களில் ஒன்று, காட்டில் எப்போதாவது எட்டிப்பார்க்கும். அடுத்த வருஷம் வந்த டிவி தொடர்தான் அதை முகமாக்கியது. நான் அந்த கேமை ஒரு தடவைகூட விளையாடியதில்லை, தொடரையும் முழுசாகப் பார்த்ததில்லை.