முத்திரைத்தாளில் எழுதினால் விவாகரத்து ஆகிவிடாது

பெரியவர்கள் கூடிப் பேசி, கணவனும் மனைவியும் ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு, நோட்டரியின் முத்திரையையும் வாங்கிவிட்டால் திருமண பந்தம் அறுந்துவிட்டது என்று நம்பும் குடும்பங்கள் சென்னையிலும் உண்டு. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு அப்படியொரு விடுதலைப் பத்திரத்தை நம்பியே மறுமணப் பேச்சு தொடங்கியதால் இதை எழுதுகிறேன். அந்தச் சமூகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தாலொழிய, அத்தகைய பத்திரத்தால் இந்துத் திருமணம் முறிவதில்லை. முதல் திருமணம் சட்டப்படி நீடிக்கையில் செய்யும் மறுமணம் செல்லாது என்பதோடு, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமும் ஆகும்.

இருவரும் மனமொத்துப் பிரிவதாக இருந்தால், சென்னைவாசிகள் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் கூட்டாக மனு செய்யலாம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு, மனுவுக்கு முன் குறைந்தது ஓராண்டு இருவரும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. வசதியின்மையால் ஒரே வீட்டில் இருந்தாலும், கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிந்து வாழ்வதே என்று உச்ச நீதிமன்றம் 1991இல் விளக்கியது. மனு செய்த 6 மாதங்களுக்குப் பின், 18 மாதங்களுக்குள், இருவரும் மீண்டும் தங்கள் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். தீர்ப்புக்கு முன் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தை விலக்கிக்கொண்டால், இந்த வழியில் விவாகரத்து கிடைக்காது.

அந்த 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு, பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்திருப்பதோடு, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு முதலியவை முழுமையாகத் தீர்க்கப்பட்டிருக்கவும் வேண்டும். எனவே எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், எந்த நகைகள் திரும்ப வரவேண்டும், குழந்தை யாரிடம் வளரும், பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது, நிலுவையிலுள்ள வழக்குகளை யார் திரும்பப் பெறுவது என்பவற்றையெல்லாம் மனுவிலேயே எழுதிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவைதாம் பின்னாளில் தனி வழக்குகளாக முளைக்கின்றன. களைத்துப்போன பெண்கள் "எதுவும் வேண்டாம், விட்டால் போதும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மனநிலை புரிகிறது, ஆயினும் குழந்தையின் பராமரிப்பு உரிமை தாய் விட்டுக்கொடுக்கக்கூடியது அன்று.

ஒருவர் மட்டும் விரும்பினால் இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்கீழ் கொடுமை, பிறன்மனை உறவு, 2 ஆண்டுகள் கைவிட்டிருத்தல் போன்ற காரணங்களைச் சாட்சியங்களோடு நிரூபிக்க வேண்டியிருக்கும், வாய்தாக்கள் நீளும். வழக்கு நடக்கையில் இடைக்கால ஜீவனாம்சம் கோரலாம். 2020ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, அப்போது இருவரும் தங்கள் வருமானத்தையும் சொத்துக் கடன் விவரங்களையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கிறிஸ்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன.

மனைவி மனுதாரர் என்றால், தாம் இப்போது வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சி மீண்டும் முத்திரைத்தாளை நாட வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை வழங்குகிறது; 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.