ஒளிச்சேர்க்கை தெரிஞ்ச பொண்ணு
நேத்து அக்கா பொண்ணுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சயின்ஸ் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன், ரெண்டும் ஏழாங்கிளாஸ். பையன் எல்கேஜிலேர்ந்தே இங்கிலீஷ் மீடியம், ஃபோட்டோசிந்தசிஸ் பாராவை கடகடன்னு வாசிச்சுட்டான், சரிடா என்ன புரிஞ்சுதுன்னு கேட்டா முழிக்கிறான், தமிழ்லயாவது சொல்லுன்னா அதுவும் வரல. இவ போன வருஷம் வரைக்கும் தமிழ் மீடியம், எழுத்துக்கூட்டிதான் வாசிக்கிறா, ஆனா பாதியிலயே "சித்தி இது ஒளிச்சேர்க்கைதானே, பச்சையம் இருக்கற இலை வெயில்ல சாப்பாடு செய்யுமே"ன்னுட்டா. அவளுக்கு வேண்டியது புதுப் பேர் மட்டும்தான்! ஜிம் கம்மின்ஸ்ங்கற மொழி ஆய்வாளர் 1979லயே இதத்தான் எழுதினார், தாய்மொழில நல்லா ஊறினது ரெண்டாவது மொழிக்கும் கைகொடுக்கும்னு. ஆனா பாருங்க, ஸ்கூல்ல மிஸ் வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு சொன்னாங்களாம், அக்கா இப்ப அவகிட்ட "தோசை ஈட் பண்ணு"ங்கறா 🤦